வெள்ளைப் பக்கம் முதலில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தாளையும் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் நலமாக இல்லை, நீயும் இருக்க மாட்டாய், பிறகு எதற்கு அந்த வரி. ஒன்பது வருடம் கழித்து எழுதுகிற கடிதத்தைப் பொய்யில் தொடங்க வேண்டாம்.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை உன் டிரம்மர் கொண்டுவந்து கொடுத்தான். அதான், அந்த ஒட்டடைக்குச்சி. முன்பைவிட இன்னும் இளைத்திருக்கிறான், அடிக்கிற அடிக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. கடிதம் என்று பெயர்தானே தவிர, அதில் இருந்தது ஒரே வரி. "அம்மாவுக்கு முடியலன்னு ஏன் முன்னாடியே சொல்லல?" மேலே அன்புள்ள என்று இல்லை, கீழே இப்படிக்கு என்றும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. அதற்குமேல் எனக்கு எழுத வேண்டிய கடமை உனக்கு இல்லை.

பதிலைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நான் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். முதலாவதை நீ போதுமான அளவு கேட்டுவிட்டாய். இரண்டாவதைக் கேட்க நீ என்ன பாவம் செய்தாய்? அதனால்தான் எழுதுகிறேன். உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் உண்டு. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். எதை வைத்து நம்பினோம் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

அம்மாவுக்குப் போன வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது, பிறகு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது என்று டாக்டர் சொன்னார். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டேன், வாசல் கதவுக்கு நேராக. காற்று வரும் என்று நான் நினைத்துப் போட்டது. அந்த வாரம்தான் உன் இசைத்தட்டு தபாலில் வந்தது.

உறைமேல் அம்மாவுக்கு என்று மட்டும் எழுதியிருந்தாய். சரி, நியாயம்தான். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை என்பது உனக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. அச்சக முதலாளி வீட்டுப் பரணில் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் கிடந்தது, கேட்டதும் எடுத்துக்கொள் என்றுவிட்டார். பெல்ட் அறுந்திருந்தது. பைண்டிங் அறையில் இருந்த ரப்பரை அளவு பார்த்து வெட்டி ஒட்டினேன். ஒட்டுவதில் உன் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். "அம்மா, நடுவுல நிறுத்தாம, வரிசையா கேளு. எந்தப் பாட்டு எங்க உட்காரணும்னு முடிவு பண்ணவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு." நான்தான் வாசித்துக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எட்டுப் பாட்டை அடுக்க எட்டு மாதமா, எட்டுப் பாரத்தை நான் எட்டு நிமிஷத்தில் அடுக்கிவிடுவேன் என்றேன். பதினாறு பக்கம் ஒரு பாரம், எட்டுப் பாரம் சேர்ந்தால் ஒரு சின்னப் புத்தகம், இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்டேன். அம்மா படுத்தபடியே, "உங்க பாரத்துல நம்பர் போட்டிருக்கும். பாட்டுக்கு யார் நம்பர் போடுவா? அவதான் போடணும்" என்றாள். அப்போது அது எனக்கு ஏறவில்லை.

சீட்டோடு இன்னொரு தாளும் இருந்தது, பாட்டு வரிகள் எல்லாம் அச்சிட்டது. மூன்று மடிப்பாக, ஓரம் பிசகாமல் மடித்திருந்தாய். உனக்கு ஏழு வயதில் நான் பழக்கிய மடிப்பு. பார்த்ததும் தெரிந்தது. தெரிந்ததால்தான் பிரிக்கவில்லை. அம்மாவுக்காகத் தட்டைப் போடுவேன், எடுப்பேன், அதைத் தாண்டி நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கப் போவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. வீம்புக்கு என்ன விலை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாள் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. எண் எதுவும் இல்லை. நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. என் கையில் தைத்து முடிந்த எந்தப் புத்தகமும் வெள்ளைத் தாளில்தான் தொடங்கும். அட்டையைத் திறந்தால் முதலில் ஒன்றும் எழுதாத ஒரு வெள்ளைத் தாள், பிறகுதான் மற்றதெல்லாம். முப்பத்திரண்டு வருடமாக அப்படி. அதனால் வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தேன். மறுநாள் குழப்பம் வேண்டாம் என்று வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, 'முதலில்' என்றும் எழுதினேன். அச்சகத்தில் எல்லோரும் என்னைப் 'பக்க எண்' என்று கிண்டல் செய்வது உனக்குத் தெரியும். அந்தப் பக்க எண் செய்த வேலை இது.

இனி அம்மா எப்படிக் கேட்டாள் என்று சொல்கிறேன். தினமும் சாயங்காலம், நான் அச்சகத்திலிருந்து வந்து காலைக் கழுவியதும். முதலில் பஸ் பாட்டு. அந்த இழுத்து இழுத்து வரும் கிட்டாரைக் கேட்டதும், "போயிட்டா பாருங்க" என்பாள், ஒவ்வொரு நாளும், அன்றைக்குத்தான் நீ போன மாதிரி. அடுத்தது வாடகை அறை. ஒரு ஜன்னல், அதுவும் சுவரைப் பார்த்து என்று வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறகு போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிற பாட்டு. "அப்பவே பண்ணியிருக்கலாம்ல, நான் எடுத்திருப்பேனே" என்று தட்டைப் பார்த்துச் சொல்வாள். கடைசியில் அந்தப் பெரிய பாட்டு. நீ தொண்டை கிழியக் கத்தி, டிரம்மும் கிட்டாரும் எல்லாம் ஒன்றாக ஏறி, பாதி வார்த்தையில் கத்தரித்தது போல நின்றுபோகிறதே, அது. முதல் நாள் ரப்பர் பெல்ட் அறுந்துவிட்டதென்று நினைத்து நான் ஓடினேன்.

அந்தப் பாட்டுக்குத்தான் கீழ் வீட்டு டெய்லர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையில் இடித்தார். இரண்டு வாரம் இடித்தார். மூன்றாவது வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "நேத்து ஏன் சார் பாதியில நிறுத்திட்டீங்க, அதுக்கப்புறம் வர்ற அந்தக் காலை நேரப் பாட்டு வரலையே" என்று கேட்டார். கரண்ட் போய்விட்டது என்றேன். தையல் மிஷினை மிதிக்க அது தோதாக இருக்கிறதாம்.

கத்தல் முடிந்ததும் நான் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். என் முட்டி உனக்குத் தெரியும், எழுந்திருக்கவே ஒரு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் அம்மா ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, "அடிவயித்துல இருந்து கத்தித் தீர்த்துட்டா. இனிமே கோபம் இருக்காது. இப்ப வருவா பாருங்க" என்பாள். சொன்னது போலவே கறுப்புப் பக்கத்தில் முதல் பாட்டு நம் வீடு. அச்சக மடிப்பு மிஷினின் டக் டக் சத்தத்தை எங்கே பிடித்தாய்? என் சைக்கிள், அம்மாவின் இருமல், காலை ஆறரை மணி. அடுத்தது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, நீங்கள் நாலு பேரும் பைண்டிங் அறையில் வாசித்துப் பழகியது. அம்மா அதற்கு விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள்.

மூன்றாவது பாட்டில் 'வரிசை, வரிசை, வரிசை' என்று நாலு பேரும் சேர்ந்து கத்துகிறீர்களே, அதைக் கேட்டு நான் சிரித்தேன். நீயும் தெரிந்துகொள். வீட்டுக்கு வந்துவிட்ட மகள் அப்பனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "இது உங்க பாட்டு" என்று அம்மா வேறு சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அச்சகத்தில் ஒரு நாள் என்னையும் அறியாமல் அதை முணுமுணுத்தேன்.

கடைசியில் நாலாவது பாட்டு. ஒரே ஒரு கிட்டார். 'கதவு மேல கை இருக்கு, கைப்பிடி சில்லுன்னு இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்.' அவ்வளவுதான். கதவு திறக்கிறதா இல்லையா என்று சொல்லாமலே முடிகிறது. ஊசி கடைசி வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அம்மா எடுக்க விடமாட்டாள். எதிரே இருக்கும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். போனாள், கஷ்டப்பட்டாள், கத்தினாள், வீட்டை நினைத்தாள், இதோ வாசலில் வந்து நிற்கிறாள், உள்ளே வரத் தயங்குகிறாள். எட்டுப் பாட்டும் சேர்ந்து அவளுக்குச் சொன்ன கதை இது. எனக்கும் இதேதான் சொன்னது. "தாழ்ப்பாள் போடாதீங்க, அவ வந்து பார்த்துட்டு, பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிடப் போறா" என்றாள். பதினொரு மாதம் நான் தாழ்ப்பாள் போடவில்லை.

உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் மூன்று முறை கேட்டேன். உறையின் பின்னால் சின்ன எழுத்தில் தட்டை வெளியிட்டவர்களின் நம்பர் இருந்தது. முதல் முறை கேட்டதற்கு, "அவதான் வந்துட்டே இருக்காளே" என்றாள். இரண்டாவது முறை, "சீக்குன்னு சொல்லிக் கூப்பிட்டா, அது அவ வந்ததா ஆகாது. நாம இழுத்ததா ஆகும்" என்றாள். மூன்றாவது முறை அவளுக்குப் பேச மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. நானும் விட்டுவிட்டேன். அவள் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. முதலில் நீ பேசினால் நான் பேச வேண்டியதில்லை, முதலில் நீ வந்தால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உன் பாட்டு எனக்கு அந்தச் சலுகையைத் தந்தது.

அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்து வெயில் ஏறிய பிறகு. வலி என்று சொல்லும்படி இல்லை, தூங்கினபடியே. முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பாட்டு வரை கேட்டாள். நான் உடனே அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர், நீங்கள் எல்லோரும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டு போயிருப்பதாகவும், சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சொல்ல அவருக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. ஆனால் அவரைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவர் ஒன்பது நாள், நான் பதினொரு மாதம்.

சனிக்கிழமை ஒட்டடைக்குச்சி வந்து உட்கார்ந்தான். பார்வை பிளேயர்மேல் போனது. தட்டில் என் பென்சில் டிக்கைப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள் இது" என்று கேட்டான். முதல் பக்கம் என்று அடையாளம் போட்டிருக்கிறேன் என்றேன். அவன் உறைக்குள் கையை விட்டு அந்த மூன்று மடிப்புத் தாளை எடுத்து, பிரித்து, என் முன்னால் வைத்தான். கறுப்புதான் முதல் பக்கம் என்று அதில் உன் கையெழுத்திலேயே அச்சாகியிருந்தது. "வெள்ளையில முடியணும்னு பிடிவாதமா இருந்தா அங்கிள். எல்லாம் கத்தி முடிச்சப்புறம், இனிமே ஒண்ணுமே எழுதாத தாள், அதுல இருந்து வேற ஆளா ஆரம்பிக்கணும்னு சொன்னா" என்றான். எந்தப் பாட்டுக்கும் எந்தப் பாட்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்றுகூட நீ கடிகாரத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவாயாம். வரிசை தெரியாதவள் என்று நான் சொன்ன பெண்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் வரிசைப்படி போட்டேன். அதே எட்டுப் பாட்டுதான், ஒரு சொல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. வேறு பெண் பாடினாள். காலை, சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், இடைவெளியே விடாமல், வரிசை வரிசை என்று வந்து விழுந்தது. அது கேலி இல்லை. அது நான் பேசிய பேச்சு.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை, பைண்டிங் அறையில் உங்கள் டிரம் அதிர்ந்து, மேஜைமேல் நான் அடுக்கி வைத்திருந்த அறுநூறு சட்டப் புத்தகத்தின் பாரங்களும் சரிந்து தரையெல்லாம் கலந்துபோயின. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வேலை. நான் உள்ளே வந்து, உன் கூட்டாளிகள் மூன்று பேர் முன்னாலும், "வரிசைன்னா என்னன்னு தெரியாத ஜென்மம், உனக்கெல்லாம் பாட்டு ஒரு கேடா" என்று கத்தினேன். நீ குனிந்து, சிதறிக் கிடந்ததில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தேடித் தேடி எடுத்து, ஒரு முழுப் புத்தகத்தை அடுக்கி என் கையில் கொடுத்தாய். ஒரு பாரம்கூடத் தப்பவில்லை. அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு நாலாவது பாட்டு வந்தது. கதவுமேல் கை. இந்த முறை அது முடிந்ததும் தட்டைத் திருப்ப வேண்டியது நான். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், திருப்பினேன், ஊசியை வைத்தேன். பஸ் புறப்பட்டது. உன் வரிசையில் உன்னை வீட்டை விட்டு அனுப்புகிற கை யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது. கடைசிப் பாட்டு பாதி வார்த்தையில் அறுந்தபோது, அதற்குப் பின்னால் வீடும் இல்லை, காலையும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். நீ திரும்பி வரவே இல்லை. எந்தப் பாட்டிலும் வரவில்லை.

டெய்லர் மேலே வந்து கதவைத் தட்டி, "இன்னைக்கு மாத்திப் போட்டீங்களா சார்? மனசே சரியில்ல, மிஷினை நிறுத்திட்டேன்" என்றார். இன்றைக்குத்தான் சரியாகப் போட்டேன் என்று சொன்னேன். அவர் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகளே, ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நாலாவது பாட்டில் நீ கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது உலகத்தில் மற்ற எவருக்கும் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ போன அன்றைக்கு அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் கூடத்தில் மேஜை முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே எண்ணி முடித்த தாளைத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் உன் செருப்புச் சத்தம் நின்றது. கைப்பிடி அசையவில்லை. பாட்டில் அது நாலு நிமிஷம், நிஜத்தில் அதைவிட அதிக நேரம் நின்றாய். நான் திரும்பினால் போதும் என்று நின்றாய். அது எனக்கு அப்போதே தெரியும். திரும்பவில்லை.

தெரிந்தும் பதினொரு மாதம், நீ வெளியே நின்று கதவைத் தொடுவதாகவே நம்பிக் கேட்டேன். அம்மாவின் வரிசை அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அவள் ஏமாந்து போனாள் என்று நீ நினைக்க வேண்டாம். நீ வாசலில் நிற்கிறாய் என்ற நினைப்பில்தான் கண்ணை மூடினாள். ஏமாற்றியது என் பென்சில், நீ இல்லை. அந்த டிக்கை நான் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை, ஆனால் அதன் பக்கத்திலேயே 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அச்சகத்தில் செய்வது போல.

வீட்டுச் செய்தி வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. மாடித் தொட்டி ஒழுகுகிறது. முட்டிக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். அம்மாவின் கட்டில் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. வெளியூர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அவள் கேட்கச் சொன்னது பாக்கி, கேட்டுவிட்டேன். தொண்டையைப் பார்த்துக்கொள், அந்தக் கடைசிப் பாட்டைத் தினமும் பாடினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்.

உன் வரிசையை மாற்று என்று கேட்க எனக்கு வாயில்லை. அது சரியான வரிசை. வேலை தெரிந்தவன் சொல்கிறேன், ஒரு பாட்டைக்கூட இடம் மாற்ற முடியாது. வா என்று எழுதவும் பேனா எழவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நீண்ட நாள் இரு, உன் மனதுக்குப் பிடித்தவர்கள் சூழ இரு.

தாழ்ப்பாளை இன்னும் போடுவதில்லை. மேஜையையும் நாற்காலியையும், இன்று மறுபடி வந்த ஒட்டடைக்குச்சி ஒரு பக்கம் பிடிக்க, கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அப்பா